குறி போடாத சட்டை

பிப்ரவரி 4

என் நெட்டைத் தம்பிக்கு,

உன் அக்கா இஸ்திரி மேசை மேலேயே காகிதத்தை விரித்துவைத்து எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று போனில் கேட்டால் "ம்" என்பாய். உன்னோடு பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்றுதான். சுவராவது பாதியில் கட் ஆகாமல் நிற்கும். அதனால்தான் காகிதம். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து இது, சிரிக்காமல் படி. சிரித்தால் எனக்கு இங்கே விக்கல் வரும்.

சலவைக்கடை நன்றாக ஓடுகிறது. நீராவி விடுகிற புது இஸ்திரிப் பெட்டி வந்திருக்கிறது. காலையில் இரண்டு துணி தேய்ப்பதற்குள் கடை மேகத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மேலே கம்பியில் தொங்குகிற சட்டைகள் அந்த ஆவியில் மெதுவாகத் திரும்பும், கையை ஆட்டும், ஒன்றையொன்று தோளில் தொடும். அம்மா அதுகளுக்கு நடுவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். வங்கிக்காரர் சட்டையைப் பார்த்து, "பொண்ணுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று விசாரிக்கிறாள். வங்கிக்காரரே நேரில் வந்து நின்றால் "யாரும்மா இது?" என்கிறாள்.

ஆமாம் தம்பி, அவ்வளவு தூரம் போய்விட்டது. முகமெல்லாம் அவளைவிட்டுப் போகிறது, துணி மட்டும் நிற்கிறது. போன வாரம் என்னிடமே, "ஏம்மா, கடைக்காரி எங்க?" என்றாள். "அவ பெரிய வாயாடி, ஊர் சுத்தப் போயிருக்கா" என்றேன். "ஆமா, வாயாடிதான்" என்கிறாள். அதில் மட்டும் மறதி கிடையாது!

கையும் மறக்கவில்லை. இன்றைக்கும் கடைக்கு வருகிற புதுத் துணிக்குக் காலர் உள்பக்கம் அவள்தான் நூலில் குறி போடுகிறாள். டீச்சர் வீட்டுக்கு நீலத்தில் ஒரு பெருக்கல், வங்கிக்காரருக்குக் கறுப்பில் இரண்டு கோடு. நம் வீட்டுத் துணிக்கு மட்டும் சிவப்பில் மூன்று புள்ளி. உன் மாமாவின் டிரைவர் சட்டையிலும் உண்டு, என் ரவிக்கையிலும் உண்டு. உன் ராணுவ யூனிஃபார்மில்தான் இல்லை. முதல் லீவில் நீ வந்தபோது அவள் ஊசியை எடுக்க, "ஐயோ, ஆபீசர் திட்டுவாரும்மா" என்று பிடுங்கிக்கொண்டாயே. "அப்ப அது நம்ம வீட்டுத் துணி இல்ல" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

ஆனால் பார், இப்போது அவள் "என் பையன்" என்று விரலை நீட்டுவது சுவரில் இருக்கிற உன் யூனிஃபார்ம் போட்டோவைத்தான். பக்கத்திலேயே நீ சாதாரணச் சட்டையில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிற படமும் இருக்கிறது. அதை யாரோ என்கிறாள்.

அதனால் அடுத்த மாதம் லீவுக்கு வரும்போது யூனிஃபார்மில் வா. ஸ்டேஷனிலிருந்தே போட்டுக்கொண்டு வா. நான் அவளை வாசலில் உட்காரவைக்கிறேன், நீ தெருமுனையில் திரும்பு. அந்தக் கட்டம் போட்ட சட்டையில் வந்தால் துணி போட வந்தவன் என்று நினைத்து டோக்கன் கொடுத்து அனுப்பிவிடுவாள், ஆமாம்.

இப்படிக்கு,
வாயாடி அக்கா

•

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

சிரித்தேன். விக்கல் வந்ததா?

நீ கேட்டதைத்தான் இங்கே எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வேலை இல்லாத நேரத்தில் யூனிஃபார்மோடு வெளியே போகலாமா, கூடாதா என்று ஆளுக்கொரு தாள் கொடுத்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சமையல்காரர், "அதைப் போட்டாத்தான் பஸ்ல எந்திரிச்சு எடம் குடுக்கறான், வேணும்னு எழுதுங்கப்பா" என்கிறார். கிளார்க், "ஒருத்தன் டீக்கடையில கைய ஓங்கினா சட்டை மொத்தப் பேரையும் காட்டிக் குடுத்துரும், வேணாம்" என்கிறார். இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் பேசிக்கொள்வதில்லை. நடுவில் உட்கார்ந்து உப்பு எடுத்துக் கொடுப்பது நான்தான். என் தாள் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

முடிவு வரும்வரை லீவில் போகிறவர்கள் போடக் கூடாது என்று உத்தரவு. அதனால் கட்டம் போட்ட சட்டையில்தான் வருவேன். அம்மா டோக்கன் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன்.

போன லீவில் யூனிஃபார்ம் ஒரு செட் அங்கே விட்டுவந்தேனே, அது பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே எடுக்காதே அக்கா.

அன்புத் தம்பி

•

பிப்ரவரி 27

உத்தரவுக்குப் பிறந்த தம்பிக்கு,

உத்தரவு உனக்குத்தானே? கம்பியில் தொங்குகிற சட்டைக்கு இல்லையே? எடுத்துவிட்டேன். திட்டுவதென்றால் திட்டு, கேட்க நான் அங்கே இல்லை.

ஆவி காட்டி, மடிப்பெல்லாம் நீக்கி, அம்மா நாற்காலிக்கு எதிரே மாட்டினேன். கீழே பேன்ட், மேலே சட்டை. ஆவி உள்ளே போனதும் மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது தம்பி, சத்தியமாக. கை லேசாக ஆடியது. எனக்கே ஒரு நிமிஷம் நீதான் மேகத்துக்குள்ளிருந்து இறங்கி நிற்கிறாயோ என்று ஆகிவிட்டது. அம்மா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எப்படா வந்த சின்னவனே? ஏன் நிக்கற?" என்று ஆரம்பித்தவள்தான். மூன்று நாளாகப் பேச்சு. நீ மூக்கில் பட்டாணியைப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போன கதையெல்லாம் வந்தது. சட்டை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. உன்னைவிட நல்ல பிள்ளை.

இன்றைக்கு மதியம்தான் சிக்கல். "அவன் சாப்பிடாம நான் எப்படிச் சாப்பிடறது?" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். கெஞ்சினேன், கொஞ்சினேன், நடக்கவில்லை. அந்த நேரம் பார்த்து டிப்போவிலிருந்து வந்தார் உன் மாமா. பஸ்ஸை விட்டு இறங்கியதும் தன் காக்கியையே கழற்றி எறிகிற மனுஷர். அவரைத் திரைக்குப் பின்னால் தள்ளி, "இதப் போடுங்க" என்றேன்.

"ஏன்டி, என்னை ஜெயிலுக்கு அனுப்பவா?"

"அஞ்சு நிமிஷம், நாலு வாய், அவ்வளவுதான்."

"உன் தம்பி ஒட்டடைக்குச்சி. இது எனக்கு ஒரு கைக்குத்தான் காணும்."

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அம்மா மேலும் கீழும் பார்த்தாள். "நல்லாப் போடறாங்கபோல சாப்பாடு, தொப்பை வந்துடுச்சே" என்றாள். நான் திரைக்குப் பின்னால் போய்த் துணிக்கட்டில் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன். அவளே ஊட்டிவிட்டாள், தானும் சாப்பிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வயிறு நிறைய. கடைசி வாயில் அவருக்குத் தும்மல் வந்து, நடுப் பொத்தான் தெறித்து எங்கேயோ போய்விட்டது.

தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. எதிர்வரிசையில் தையல்காரம்மா இருக்கிறாளே, அவள் மகனும் உன்னை மாதிரி ராணுவம்தானே, அவள் டப்பாவில் இந்த மாதிரிப் பொத்தான் இருக்கும் என்று அவரை அனுப்பியிருக்கிறேன். கழற்றப் போனால் அம்மா "போயிடாதடா" என்று அழுகிறாள், அதனால் அப்படியே போட்டுக்கொண்டுதான் போகிறார். தெருவில் அவர் நடக்கிற நடையைப் பார்க்கணுமே நீ! வந்ததும் பொத்தானைத் தைத்துவிட்டு உறையை ஒட்டுகிறேன்.

•

பிப்ரவரி 28

தம்பி,

நேற்று எழுதியதை ஒட்டவில்லை. இதையும் சேர்த்து அனுப்புகிறேன்.

உன் மாமா வாசலில் போய் நின்றிருக்கிறார். வெயில் அவருக்குப் பின்னால். தையல்காரம்மாவுக்கு முகம் தெரியவில்லை, சட்டைதான் தெரிந்திருக்கிறது. மெஷினில் கால் ஓடிக்கொண்டே இருந்ததாம், துணி முடிந்த பிறகும் வெறும் ஊசி குத்திக்கொண்டே இருந்ததாம். பிறகு எழுந்து வந்து, அவர் கையைப் பிடித்து, "உள்ள வாங்க. உக்காந்து சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க" என்றாளாம்.

இவர், "அக்கா, நான்தான், பொத்தானுக்கு வந்தேன்" என்கிறார். அவள் காதில் ஏறவில்லை. "என்னிக்கு?" என்று மட்டும் கேட்கிறாள். "என்னிக்கு, எங்க?"

நான் ஓடிப்போய் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் மகனுக்குப் போன் போட்டு, அவன் குரலைக் காதில் வைத்த பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். பொத்தானைத் தேடி எடுத்து என் கையில் கொடுத்தாள் தம்பி. அந்த நிலைமையிலும்.

திரும்பி வரும்போதுதான் பார்த்தேன், தெருவில் பாதி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அந்தப் பட்டப்பகலில்.

உன் மாமா இன்றைக்குக் காலையிலிருந்து வண்டியில் ஹாரனைக்கூட மெதுவாகத்தான் அடிக்கிறாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யூனிஃபார்மைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். நீ முதலிலேயே சொன்னாய். ஏன் சொன்னாய் என்று நான் கேட்கவே இல்லை.

அக்கா

•

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டிருந்தாலும் "ம்" என்றுதான் சொல்லியிருப்பேன். காகிதமாக இருப்பதால் சொல்கிறேன்.

போன லீவு தொடங்குகிற அன்று என்னை ஒரு ஊருக்கு அனுப்பினார்கள். எங்களோடு இருந்த ரேடியோக்காரன் வீட்டுக்கு. அவனுடைய டிரங்குப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்து, அவன் இனி இல்லை என்கிற விஷயத்தையும் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் வீட்டு எண் கிடையாது. நான் நடக்க நடக்க, ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண் வந்து நின்றாள். நான் கடந்து போனதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கடைசியில் ஒரு வாசல் மட்டும் திறந்திருந்தது. நான் வாயைத் திறக்கவே இல்லை அக்கா. சட்டையே சொல்லிவிட்டது. அந்த அம்மா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பெட்டியிலிருந்து நீ எடுத்தது அன்று போட்டிருந்த செட்தான். அங்கிருந்து நேராக நம் வீட்டுக்கு வந்தேன். வழியில் சட்டையை மாற்றிக்கொண்டேன். நம் தெருவிலும் அப்படி நடந்து வர முடியவில்லை. உத்தரவெல்லாம் இப்போதுதான் வந்தது.

உன்மேல் கோபம் இல்லை. மாமாவிடமும் சொல். தாளில் என்ன எழுதுவது என்று இத்தனை நாளாகத் தெரியவில்லை. தையல்காரம்மாவைப் பற்றி நீ எழுதிய நாலு வரியைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். யாருடைய பேரும் போடவில்லை, மாமா பயப்பட வேண்டாம்.

இருபத்தைந்தாம் தேதி வருகிறேன். அம்மாவுக்கு என்னைத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். யூனிஃபார்மைப் போட்டால் தெரியும் என்பதும் தெரியும். இங்கே இருக்கிற செட்டைப் பல தடவை பைக்குள் எடுத்துவைத்தேன், வெளியே எடுத்தேன். வீட்டுக்குள் மட்டும் போடலாமா என்றுகூட யோசித்தேன். முடியவில்லை அக்கா. கட்டம் போட்ட சட்டையிலேயே வருகிறேன்.

தம்பி

•

ஏப்ரல் 9

என் ஒட்டடைக்குச்சித் தம்பிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். நீ போனதும் வீடு சத்தமில்லாமல் ஆகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் நீ இருந்தபோது மட்டும் என்ன சத்தம் போட்டாய்?

என் கிறுக்கல் ஆபீசர் மேசை வரைக்கும் போய்விட்டது என்று உன் மாமாவிடம் சொன்னேன். "அதுல என் தொப்பை வருதா?" என்றுதான் கேட்டார். தையல்காரம்மா உன் பேச்சை இன்னும் விடவில்லை. கட்டம் போட்ட சட்டையில் நீ போய் அவள் முன்னால் உட்கார்ந்தாய் பார், அன்றைக்குத்தான் எனக்கும் தலை நிமிர்ந்தது. முடிவு என்னவென்று உங்கள் ஆட்கள் சொன்னால் எழுது. சொல்லாவிட்டாலும் நம் தெருவில் முடிவாகிவிட்டது.

இப்போது நீ பார்க்காததைச் சொல்கிறேன்.

முதல் நாள் நீ வந்து நின்றதும், நான் சொன்ன மாதிரியே அம்மா உனக்கு டோக்கன் கொடுத்தாளே, நீயும் இரண்டு கையால் வாங்கிக்கொண்டாயே, அப்போது நான் திரைக்குப் பின்னால் போனது சிரிக்க இல்லை. பத்து நாளும் அவள், "என்னப்பா, உன் துணி இன்னும் ஆகலையா?" என்று கேட்க, நீ, "ஆகலைங்க, இருந்து வாங்கிட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டு, அந்த ஆவிக்குள்ளே அவள் பக்கத்தில், அவள் குறி போடுகிற துணிக்கெல்லாம் காலரைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அவள் பேசினாள், நீ "ம்" என்றாய். இந்த "ம்"மை இனிமேல் கிண்டல் பண்ண மாட்டேன். ஒரு மாதத்துக்கு.

நீ ஊருக்குக் கிளம்பும்போது யூனிஃபார்மைப் பைக்குள் வைத்து எடுத்துப் போய்விட்டாய். போகிற அவசரத்தில் அந்தக் கட்டம் போட்ட சட்டை சலவைக் கூடையிலேயே நின்றுவிட்டது. நான் தேய்த்து, காலியாகக் கிடந்த அதே கம்பியில் மாட்டினேன். அம்மா, "சின்னவன் எங்க?" என்று கேட்பாள், என்ன பதில் சொல்வது என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவே இல்லை. சுவர்ப் படத்துப் பக்கமும் திரும்பவில்லை.

நேற்றுக் காலை கடையைத் திறந்து ஆவி விட்டேன். சட்டைகள் எல்லாம் திரும்ப ஆரம்பித்தன. உன்னுடையதும் மெதுவாகத் திரும்பி முதுகைக் காட்டியது. காலர் உள்பக்கம் ஏதோ தெரிந்தது. இறக்கிப் பார்த்தேன்.

சிவப்பு நூல். மூன்று புள்ளி.

டப்பாவில் நீலம் இருந்தது, கறுப்பு இருந்தது, பச்சைகூட இருந்தது தம்பி. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அடியில் கிடந்த சிவப்பைத் தேடி எடுத்திருக்கிறாள்.

சட்டையை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சும்மா கேட்கிற மாதிரி, "இது யாரு துணிம்மா?" என்றேன்.

என்னை அசடைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "யாருதுன்னா? இங்கயே உக்காந்திருந்தானே, அவனுது. எடுத்து யாருக்கும் குடுத்துடாத. டோக்கன் அவன்கிட்ட இருக்கு, வந்து வாங்கிக்குவான்."

நீ யாரென்று நான் அவளிடம் சொல்லவில்லை. நீயும் வந்து சொல்லாதே. வாசலில் அவளே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தெருமுனையைப் பார்க்கிறாள்.

டோக்கனைத் தொலைத்துவிடாதே.

அக்கா