வீடியோவில் நீ வெட்டிய மீதி

பட்டினப்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் கிஷோருக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நாட்கள் ஓடுகின்றன. நீ டொராண்டோவில் சிரித்துக்கொண்டு சுகமாக இருப்பதை நீ போட்ட வீடியோவிலேயே கேட்டுவிட்டேன், அதனால் உன் சுகத்தை விசாரிக்கவில்லை.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ பதிவு செய்கிறாயோ என்ற பயத்தில் எனக்கு வாயில் வார்த்தை வரமாட்டேன் என்கிறது. அன்றைக்கு வீடியோ காலில் பாக்கெட்டில் அடைத்த ஐஸ் வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டினாய், முப்பது வருஷமாக மீன் விற்கிறவள் சும்மா இருப்பேனா, "இன்னாடா மீனு இது, கண்ணு எங்க கீது, செவுளு எங்க கீது, செத்து எத்தினி வருஷம் ஆச்சோ, கய்தே" என்று திட்டினேன். பெற்ற பிள்ளையைத்தான் திட்டினேன், ஊரைக் கூட்டி வைத்துத் திட்டவில்லை. அதைப் பதினான்கு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்களாம். பக்கத்து வீட்டு மணிமொழிதான் காட்டினாள், காலேஜ் படிக்கிற பெண், விவரமும் சொன்னாள். முதல் மூன்று நொடிக்குள் யாராவது கத்த வேண்டும் இல்லை அழ வேண்டுமாம், இல்லாவிட்டால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்களாம், அரை நிமிஷத்தில் சிரித்துவிட்டு இன்னொருவருக்கு அனுப்புகிற மாதிரி இருந்தால் போதுமாம். இது எனக்குத் தெரியாத வித்தையா? சந்தையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கக் கூவத்தான் வேண்டும். நான் மீனுக்காகக் கூவினேன், நீ என்னையே கூறு கட்டி வைத்துவிட்டாய். இப்போது என் கூடைக்கு முன்னால் அடையாறு, மாம்பலம் எல்லாம் போனோடு வந்து நிற்கிறது, "ஆன்ட்டி, ஒரு தபா கய்தேன்னு சொல்லுங்க" என்று. கால் கிலோ நெத்திலி வாங்க ஆள் இல்லை.

அதுகூடப் போகட்டும். வீடியோ முடிகிற இடத்தில் என் வாய் திறந்தபடி நிற்கிறது, பார்த்தாயா? அதற்கு அடுத்து நான் சொன்னது, "வியாழக்கெழம நைனாவுக்குக் கால் கட்டவெரல எடுக்கறாங்கடா, சக்கர ஏறிப் புண்ணு அழுகிப்போச்சு." சரிம்மா பாத்துக்கோ என்று வைத்துவிட்டாய். வேலை அவசரம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் சரியாக அதற்கு முன்னால் வெட்டியிருக்கிறாய் என்றால், அதை மறுபடியும் கேட்டுவிட்டுத்தானே வெட்டினாய்? வியாழக்கிழமை ஆபரேஷன் அறைக்கு வெளியே நானும் மணிமொழியும் உட்கார்ந்திருந்தபோது உன் மெசேஜ் வந்தது, நைனாவைத்தான் கேட்கிறாய் என்று பதறி எடுத்தேன். அம்மா நீ ஃபேமஸ் ஆயிட்ட என்று இருந்தது. போனைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டேன் கிஷோர்.

விரலை எடுத்துவிட்டார்கள், புண் மெதுவாக ஆறுகிறது. மயக்கம் தெளிந்ததும் உன் அப்பா கேட்ட முதல் வார்த்தை, புள்ள போன் பண்ணானா என்பதுதான். ரெண்டு தபா பண்ணான், அழுதான் என்று சொல்லிவிட்டேன். அதை நம்பி அவர் வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. அந்த வீடியோவை எடுத்துவிடு. நைனாவுக்குப் போன் செய், வியாழக்கிழமை அழுதவன் மாதிரியே பேசு. அம்மாவிடம் கொடுங்கள் என்று மட்டும் கேட்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
ரோஸி