பெரட்டுக்கு யார் போவது

அன்பு மகளுக்கு,

பதுளை விடுதிச் சாப்பாடு ஒத்துக்குதா? எனக்கு ஈரல் சுருங்கி, நீர் கோத்து வயிறு வளந்திருக்கு. பாக்குறவங்க எத்தனை மாசம்னு கேக்குறாங்க.

மருந்து குடிச்சா உடனே கக்கூசுக்குப் போகணும். தூக்கிட்டுப் போய்க் கழுவி விடுறது உங்கம்மாதான். "இந்தக் கையாலதானே என்னை அடிச்சீங்க? இப்ப இடுப்புல சாரம்கூட கட்டத் தெரியலியே"ன்னு சிரிக்கிறா. நானும் சேந்து சிரிக்கிறேன்.

என்னால அவ மூணு வாரமா காலையில பேர் குடுக்குற பெரட்டுக்குப் போகல. திங்கக்கிழமை தேயிலைக் கொழுந்தெடுக்க வராட்டி பேரை வெட்டி, நாம குடியிருக்குற லயத்துக் காம்பராவையும் எடுத்துடுவோம்னு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சொல்லிட்டாரு.

"பிள்ளையக் கூப்பிடாதீங்க"ன்னு அம்மா அழுதா. அவளுக்குத் தெரியாமத்தான் எழுதுறேன். நீ வந்து என்னைப் பாத்துக்கிட்டா அவ வேலைக்குப் போவா. உயர்தரச் சோதனைய அடுத்த வருசம் எழுதிக்கலாம். அதுக்குள்ள நான் போயிடுவேன், பயப்படாதே.

ஞாயித்துக்கிழமை பஸ்ஸை எதிர்பாக்கும்,
உன் அப்பா