முனியம்மா திருப்பிப் பாடாத வரி

சிரஞ்சீவி வரதனுக்கு, பழவேற்காட்டிலிருந்து உன் நைனா துளசிங்கம் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் வாடைக்காற்றோடு வந்து உட்கார்ந்துகொண்டது. நாகப்பட்டினத்தில் நீயும் நலமாக இருக்கிறாய் என்று ஒரு வரி வந்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். போன தடவை பாட்டை மட்டும் அனுப்பிவைத்தாய், உன் அம்மா, எசமானப் பத்தி அம்மாம் பெரிய பாட்டு எழுதறான், சாப்ட்டானா இல்லியானு ஒரு வார்த்த எழுதமாட்டானானு என்னைப் பிடித்துக் கத்துகிறாள், நான்தான் எழுதாமல் விட்டவன் மாதிரி. உன் தங்கை ரங்கம்மாள் முழுகாமல் இருக்கிறாள், புளியங்காயும் கருவாடும்தான் அவளுக்கு ஆகாரம்.

அந்தப் பாட்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரமாட்டேன் என்கிறது. தை மாதம் உன் எசமானர் புதுக் கப்பலைக் கடலில் இறக்கும்போது நீயே சபையில் பாடப்போகிறாய், அது பிடித்துவிட்டால் பாட்டெழுதவென்றே உன்னை வீட்டோடு வைத்துக்கொள்வார் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதன் சந்தம் கயிறு இழுக்கும்போது பாடுகிற நம் அம்பாவுக்கு அப்படியே ஒத்து வந்தது, விடுவேனா, கடல் சற்று அமர்ந்திருந்த அன்று கரைவலை இழுக்கையில் நானே முன்னால் நின்று எடுத்துக் கொடுத்தேன். நான் ஒரு வரி சொல்ல, கயிறு பிடித்தவர்கள் அதையே திருப்பிச் சொல்லி ஒன்றாக இழுத்தார்கள், வலையும் நன்றாகத்தான் வந்தது. பஞ்சத்தில் வாடிய ஊருக்குச் சோறிட்ட கை என்று அவர் பெயரோடு ஒரு வரி வைத்திருக்கிறாயே, அது வந்தபோது முனியம்மா வாய் திறக்கவில்லை. கயிற்றை விடவும் இல்லை, சும்மா நின்றாள். அவளுக்கு அடுத்து நின்ற சகாதேவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான், அப்புறம் வரிசை முழுக்க நின்றுபோனது. அலை வலையை உள்ளே வாங்கிக்கொண்டது, மடவை மீனெல்லாம் துள்ளித் துள்ளிப் போய்விட்டன. ஒருவரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் பொறுக்கவில்லை.

பஞ்ச வருஷத்தில் நீ ஆரம்பாக்கத்தில் உன் மாமன் வீட்டில் இருந்தாய், உனக்கு ஒன்றும் தெரியாது. முனியம்மாவின் புருஷன் சுப்பன் வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகத் தன்னையே அடிமையாக எழுதிக் கொடுத்துக் கடலுக்கு அப்பால் பத்தாவியாவுக்குக் கப்பலேறினான். ஏற்றிப்போனவன் ஒரு தரகன், யாருக்காக ஏற்றினான் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை, பசி அப்படி. கரையில் கடைசிவரை நின்ற முனியம்மாவுக்குத்தான், இவர்கள் இன்னாருடைய ஆட்கள் என்று தரகன் கூவிய பெயர் காதில் விழுந்திருக்கிறது. அது உன் எசமானர் பெயர் வரதா. சோறு போட்டது நெசந்தான் மாமா, போட்டுட்டு ஆள எட்துனு போனாரே, அத்த பாட்ல காணோமேனு அன்று வலை போன பிறகு அவள் கேட்டாள்.

அவர் வீட்டில் சாப்பிடுகிறாய், அதில் குற்றமில்லை. கப்பலைப் பாடு, பாய் விரிகிற அழகைப் பாடு, காய்ச்சலில் கிடந்த உனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாளே அவர் வீட்டம்மாள், அவளைப் பாடு. இந்த வரியைத் தெரியாமல் எழுதினாய், இனிமேல் பாடினால் தெரிந்தே பாடுவதாகும். பக்கத்து வலையிலிருந்து தாவி விழுந்த மீனை நான் நம் கூடையில் போட்டதற்கு ஊரைக் கூட்டி அழுத பிள்ளை நீ. பாட்டின் கடைசியில் உன் பெயரை வைக்கிறாயே, அது அந்தப் பிள்ளையின் பெயர்தானே என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வரியை எடுத்தால் அவர் முகம் சுளிப்பார், வேலையும் போகலாம். போனால் போகட்டும் என்று சொல்ல வாய் வருகிறது, பெற்ற மனசு வரமாட்டேன் என்கிறது. நீயே யோசித்துச் செய், எதுவானாலும் இந்த வீட்டுக் கதவு உனக்குத் திறந்தே இருக்கும்.

இன்னொன்று. நான் கேட்காமலே முனியம்மா நேற்று வீட்டுக்கு வந்தாள். நாகப்பட்டணத்துக் கப்பல்லாம் பத்தாவியா போவுதாமே, கப்பக்காரங்க எந்தப் பாட்டக் கேட்டாலும் புட்ச்சிக்குவாங்களாமே, வரதன ஒரு அம்பா கட்டச் சொல்லு மாமா, அதுல எங்கூட்டுக்காரரு பேர வெக்கச் சொல்லு, எங்கனா அவரு காதுல வுழட்டும், அவரு கயித்த நான்தான் புட்ச்சினு கீறேன்னு தெரியட்டும்னு சொன்னாள். அழவில்லை. உன் அம்மாதான் அழுதாள்.

குப்பன் தோணியில் கருவாடு அனுப்பியிருக்கிறோம், வெயிலில் ஒருமுறை காட்டி எடுத்துவை. ஈரத்தலையோடு காற்றில் உட்காராதே. எங்கள் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இருக்கவேண்டும். மறுபடி வலை போட்டாயிற்று, முனியம்மாவும் வருகிறாள், ஆனால் நான் இன்னும் எந்தப் பாட்டையும் எடுத்துக் கொடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டுதான் இழுக்கிறோம், உன் பாட்டு வரட்டும் என்று.

இப்படிக்கு,
உன் நைனா
துளசிங்கம்