பிப்ரவரியில் நிரப்பிய தோட்டாக்கள்

லூயிஸ்டவுன், மான்டனா
ஆகஸ்ட் 9

அன்புள்ள ராய்ஸ்,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? போனில் பேசினால் கத்த ஆரம்பித்துவிடுகிறோம், கடிதமே போதும் என்று நீ சொன்னது சரிதான். எழுதும்போது நான் கொஞ்சம் நல்லவளாக இருக்கிறேன்.

முதலில், மார்ச் மாதம் சாப்பாட்டு மேசையில் நான் சொன்னதற்கு மறுபடியும் மன்னிப்பு. "இந்த வீட்ல நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்." மறுநாளே நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வில்லிஸ்டன் எண்ணெய் வயலுக்குப் போய்விடுவாய் என்று தெரிந்திருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பேன். ஒரு வாக்கியம் ஒரு வீட்டைக் காலி செய்துவிடும் என்று எத்தனையோ புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனாலும் சொன்னேன்.

நல்ல செய்தி ஒன்று. எல்க் மான் வேட்டை அனுமதிக் குலுக்கலில் இந்த வருடம் என் பெயர் விழுந்துவிட்டது. எத்தனை வருடமாக விண்ணப்பித்தேன் என்று உனக்குத் தெரியும். நவம்பரில் நீ வந்துவிடுவாய் அல்லவா? சேர்ந்தே போகலாம்.

ஒரு சிக்கல். எனக்காக நீ பிப்ரவரியில் நம் கொட்டகை மேசையில் மருந்தும் குண்டும் வைத்து நிரப்பிய செம்புக் குண்டுத் தோட்டாக்களை நேற்று சுடுமைதானத்துக்கு எடுத்துப்போனேன். முதல் தோட்டாவைச் சுட்டதும் ரைபிளின் போல்ட் துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி இறுகிக்கொண்டது. கைப்பிடியைத் தூக்கவே முடியவில்லை. இரண்டாவதற்கு உள்ளங்கையால் அடிக்க வேண்டியிருந்தது. மூன்றாவதோடு நிறுத்திவிட்டேன். பக்கத்து மேசையில் தீவனக் கடை வெர்னா. வெளியே விழுந்த பித்தளைக் கூட்டை எடுத்துப் பார்த்தாள். அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் மிதிபட்ட பொத்தான் மாதிரி சப்பையாகியிருந்தது.

"உள்ள அழுத்தம் எகிறுதுடி. இத யாரு நிரப்புனது?"

"என் வீட்டுக்காரர்."

"அடுத்தவங்க நிரப்புனத சுடாதேன்னு உனக்கு யாரும் சொல்லித் தரலையா?"

"கல்யாணம் ஆனவங்க அடுத்தவங்களா?"

"என் வீட்டுக்காரன் நிரப்புனத இருபது வருஷமா நான் தொட்டதில்ல. அந்த ஆளுக்கு முட்டைகூட ஒழுங்கா வேகவைக்கத் தெரியாது."

சிரித்தோம். ஆனால் மிச்சத் தோட்டாக்களைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். என்ன செய்யட்டும்?

உன்,
டெஸ்ஸா

---

வில்லிஸ்டன்
ஆகஸ்ட் 17

டெஸ்ஸாக் கண்ணு,

எனக்கு உன்ன மாதிரி எழுத வராது. பேசுற மாதிரிதான் எழுதுவேன்.

குலுக்கல்ல விழுந்ததுக்கு சந்தோஷம். தோட்டால ஒரு குத்தமும் இல்ல. பிப்ரவரி பூரா சனிக்கிழமை தவறாம அந்த மைதானத்துல குளிர்ல விறைச்சுப்போயி, உன் ரைபிள்லயே சுட்டு சுட்டுப் பாத்து நிரப்புனது. நீ துடைக்காம விட்டிருப்ப. குழல்ல எண்ணெய் இருந்தா இறுகத்தான் செய்யும். இல்லாட்டி வண்டி முன்னாடி வெயில்ல வச்சிருப்ப. சூடானா வெடிமருந்து துள்ளும்.

வெர்னா கிட்ட நம்ம வீட்டு விஷயம் எல்லாம் பேசாத.

இங்க ட்ரெய்லர்ல டப்பா பீன்ஸ்தான் தினமும். நீ அன்னைக்கு அப்படிச் சொல்லாம இருந்திருந்தா உன் கையால சாப்பிட்டுட்டு இருந்திருப்பேன். சரி, விடு.

ராய்ஸ்

---

லூயிஸ்டவுன்
ஆகஸ்ட் 27

அன்புள்ள ராய்ஸ்,

நீ சொன்னதை எல்லாம் செய்தேன். குழலையும் தோட்டா அறையையும் துணியில் எண்ணெய் ஒட்டாமல் வரும்வரை துடைத்தேன். விடியற்காலையில், புல்லில் பனி இருக்கும்போதே போனேன். தோட்டாக்களை நிழலில், குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். ஒன்றே ஒன்று சுட்டேன். மறுபடியும் இறுகியது. இந்த முறை கூட்டின் அடியில், போல்டில் மோதி நசுங்கியதில், பளபளப்பாக ஒரு வட்டத் தழும்பு வேறு.

பிறகு அலமாரியில் இருந்த, நீ போன வருடம் நிரப்பிய ஈயக் குண்டுத் தோட்டாவை எடுத்து, அதே ரைபிளில், அதே மேசையில், அடுத்த ஐந்தாவது நிமிடம் சுட்டேன். போல்ட் வெண்ணெய் மாதிரி திறந்தது. கூட்டின் நீளத்தையும் அளந்தேன். இரண்டும் ஒரே அளவு. ஆக, எண்ணெய் இல்லை, வெயில் இல்லை, ரைபிள் இல்லை, கூடு இல்லை, என் கையும் இல்லை. மிச்சம் இருப்பது நீ உள்ளே வைத்ததுதான்.

குறை சொல்வதற்காக எழுதவில்லை, ராய்ஸ். கன்னம் வைத்துக் குறிபார்க்கும் இடத்திலிருந்து நாலு விரல் தள்ளி அது வெடிக்கிறது. நான் ஒன்று சொன்னால் அது நடந்திருக்கலாம் என்று ஒருமுறையாவது எடுத்துக்கொள்ளேன்.

அன்று நான் பேசியதை நீ இன்னும் மறக்கவில்லை என்று தெரிகிறது. நானும் மறக்கவில்லை. அதற்கு இன்னொரு முறை மன்னிப்பு.

உன்,
டெஸ்ஸா

---

வில்லிஸ்டன்
செப்டம்பர் 6

டெஸ்,

லைப்ரரில உக்காந்து எல்லாத்தையும் படிச்சுட்டு எனக்கே பாடம் எடுக்காத. பன்னெண்டு வயசுல இருந்து நிரப்புறேன். கழுகு செத்துப்போகுது, வேட்டைக்காரங்க விட்டுட்டு வர்ற மான் குடல்ல இருக்குற ஈயத்தத் தின்னு சாகுதுன்னு நீதான அழுத? செம்புக் குண்டு வேணும்னு நீதான கேட்ட? வாங்கிக் குடுத்தேன். இப்போ அதுலயும் குத்தம்.

புது போல்ட் கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும். மரச் சுத்தியலால லேசா ஒரு தட்டு தட்டு. சீசன்ல ரெண்டு குண்டுதான சுடப்போற. நவம்பர்ல வந்து நானே பாத்துக்கறேன். அதுவரைக்கும் எதையும் பிரிக்காத. நான் தோட்டா நிரப்புற மேசையத் தொடாத.

ராய்ஸ்

---

லூயிஸ்டவுன்
செப்டம்பர் 15

ராய்ஸ்,

அது புது போல்ட் இல்லை. என் பதினெட்டாவது வயதிலிருந்து என்னிடம் இருக்கும் ரைபிள். உனக்கு இது தெரியாதா?

மேசையைத் தொட்டுவிட்டேன். தோட்டா கழற்றும் பிளாஸ்டிக் சுத்தியலுக்குள் ஒரு தோட்டாவைச் செருகி, கொட்டகைத் தரையில் தட்டி, குண்டைத் தனியாகவும் மருந்தைத் தனியாகவும் கழற்றினேன். ஈயத் தோட்டா ஒன்றையும் அப்படியே கழற்றினேன். இரண்டின் மருந்தையும் தராசில் போட்டேன். முள் ஒரே இடத்தில் நின்றது.

செம்பு ஈயத்தைவிட லேசு. அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடுகிறது, கூட்டுக்குள் இன்னும் ஆழமாக இறங்குகிறது, மருந்துக்கு இடம் குறைகிறது. கெட்டியான உலோகம் என்பதால் குழலுக்குள் நுழையவும் முரண்டு பிடிக்கிறது. ஒன்றை மாற்றினாலும் குறைந்த அளவிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். நீ குண்டை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை எல்லாம் அப்படியே விட்டுவிட்டாய். சரி, அவசரத்தில் செய்த தவறு என்று நினைத்துக்கொண்டேன். உனக்காக நானே காரணம் தேடினேன்.

பிறகு மேசை மூலையில் அந்தக் குண்டு டப்பாவைப் பார்த்தேன். ஐம்பது குண்டுகள் கொண்ட டப்பா, நீ வாங்கியது அது ஒன்றுதான். நான் சுட்டவை, கழற்றியது, மிச்சம் இருப்பவை எல்லாவற்றையும் எண்ணினேன். ஐம்பது.

நான் கொண்டுபோகும் வரை அதில் ஒன்றுகூடச் சுடப்படவில்லை, ராய்ஸ். ஒன்று சுட்டிருந்தாலும் போல்ட் உன் கையில் இறுகியிருக்கும்.

பிப்ரவரி பூரா, சனிக்கிழமை தவறாமல் விடியும் முன் கிளம்புவாய். இருட்டிய பிறகு வருவாய். பாவம் விறைத்துப்போய் வந்திருக்கிறாய் என்று சூப்பைச் சூடாக்கிக் காத்திருப்பேன். "எப்படிப் போச்சு?" என்று கேட்டால், "இன்னும் கொஞ்சம் சரி பண்ணணும்" என்பாய்.

எங்கே போனாய்?

டெஸ்ஸா

---

வில்லிஸ்டன்
செப்டம்பர் 28

டெஸ்ஸா,

மூணு தடவ எழுதிக் கிழிச்சுட்டேன்.

வேற பொம்பள யாரும் இல்ல. அத மட்டும் நம்பு.

இங்கதான் வந்தேன். அஞ்சு மணி நேரம் ஓட்டிட்டு வருவேன். முதல் வாரம் வேலை கேட்டேன். அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் இந்த ட்ரெய்லரப் பாத்து அட்வான்ஸ் குடுத்தேன். அந்த வீட்ல மூச்சு முட்டுச்சு. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல. உன் மேல குத்தம் எதுவும் இல்ல. உன் முகத்தப் பாத்துச் சொல்ல வாய் வரல. தோட்டாவ மட்டும் ஒரு ராத்திரி உக்காந்து பழைய அளவுலயே நிரப்பி வச்சுட்டேன். நீ கேட்டா காட்டணுமே.

மார்ச்ல நீ அந்த வார்த்தையச் சொன்னது எனக்கு வசதியாப் போச்சு. கிளம்புறதுக்கு ஒரு காரணம் கிடைச்சுது.

மீதித் தோட்டாவச் சுடாத. கையெடுத்துக் கும்பிடுறேன், சுடாத. உன் கண்ணு போயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்.

நவம்பர்ல வரட்டுமா?

ராய்ஸ்

---

லூயிஸ்டவுன்
அக்டோபர் 9

ராய்ஸ்,

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. நான் கேட்ட பிறகுதான் சொன்னாய் என்றாலும்.

எல்லாத் தோட்டாக்களையும் கழற்றிவிட்டேன். மருந்தை உருளைக்கிழங்குப் பாத்தியில் தூவினேன். வெர்னா வேலியோரம் நின்று, "அடுத்த வருஷம் கிழங்கெல்லாம் வானத்துக்குப் போகப்போகுது" என்றாள். மார்ச்சுக்குப் பிறகு அன்றுதான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

புத்தகத்தில் இருக்கும் மிகக் குறைந்த அளவிலிருந்து நானே ஆரம்பித்தேன். ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மெல்ல மெல்ல ஏறினேன். குண்டின் வேகம் உன்னுடையதைவிடக் குறைவுதான். ஆனால் போல்டை ஒரு விரலால் தூக்கிவிடலாம். குண்டுகள் எல்லாம் ஒரு குக்கீ அளவு வட்டத்துக்குள் விழுகின்றன. எல்க் மானுக்கு அது போதும்.

சீசனுக்கு வெர்னாவோடு போகிறேன். அவள் ரைபிளுக்கு அவள் நிரப்பியது, என் ரைபிளுக்கு நான் நிரப்பியது. நீ வர வேண்டாம். உன் பழைய ஈயத் தோட்டாக்களை ஒரு பெட்டியில் போட்டு, பெயர் எழுதி, கொட்டகையில் வைத்திருக்கிறேன். நன்றாகத்தான் நிரப்பியிருக்கிறாய். ஆனாலும் இனி நான் அவற்றைச் சுடுவதாக இல்லை. நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து வந்து எடுத்துக்கொள்.

ஒன்று மட்டும் பாக்கி. நான் சொன்ன அந்த வார்த்தை மோசமான வார்த்தை. அதைச் சொன்னதற்காகக் கேட்ட மன்னிப்பு உன்னிடமே இருக்கட்டும். ஆனால் நீ போனதற்காகவும் சேர்த்து ஏழு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேனே, அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

டெஸ்ஸா