மூன்று வருஷத் தூக்கம்

ஆரணி
9-6-2024

திலகவதி அம்மா அபிதகுசாம்பாளுக்கு,

நான் இங்கே உயிரோடு இருக்கிறேன். மகள் திலகவதி, மாப்பிள்ளை பாலமுருகன் இருவர் சுகத்துக்கும் எழுது. உன் சுகத்தைக் கேட்கப் போவதில்லை. படுத்துத் தூங்குகிறவளுக்கு என்ன குறை?

போனில் நான் கத்தினால் உனக்குக் காது வலிக்கிறதாம். சொல்ல வேண்டியதை எழுதி அனுப்பட்டும், இன்னொருத்தரை உட்கார வைத்துச் சொன்னால் வாய்க்குக் கொஞ்சம் வெட்கம் வரும் என்றாயாம். எழுத்து வாசனை இல்லாதவனுக்கு நல்ல தண்டனை. தபால் ஆபீசிலிருந்து ரிட்டையர் ஆன அருணாச்சலத்திடம் சொல்லிச் சொல்லி எழுதுகிறேன். எனக்கு வெட்கம் ஒன்றும் வரவில்லை.

நாற்பத்திரண்டு வருஷம் குடித்தனம் செய்துவிட்டு, பட்டு நூல் கொடுக்கிற முதலாளி எதிரில் ஒரு வார்த்தை சொன்னேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு வெம்பாக்கம் போய்விட்டாய். "இவளுக்குப் பதிலா ஒரு மோட்டார வெச்சா ஜல்தியா சுத்திகினு இருக்கும்" என்றேன். பொய்யா? எனக்குத் தேதி தெரியாது. தறியில் எந்த நிறப் பாவு நூல் ஓடியது என்பதை வைத்து எல்லாம் ஞாபகம் இருக்கிறது. கேள்.

மாம்பழ நிறப் பாவில்தான் தூங்க ஆரம்பித்தாய். பக்கத்தில் உட்கார்ந்து தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாய், ராட்டைச் சத்தம் நின்றது. திரும்பினால் நூல் உன் கையில், தலை சுவரில். அன்றைக்கு ஒரு தரம். அரக்குப் பாவில் நாளைக்கு நாலு தரம். கிளிப்பச்சைப் பாவு சித்திரை வெயிலில் ஓடியது. ஃபேனை நிறுத்திவிட்டுக் கம்பளி போர்த்திக்கொண்டாய், நான் தறிக்குழியில் வெந்தேன். மயில்கழுத்துப் பாவில் மெட்டி இறுகிப்போய்த் தட்டானை வரவழைத்து அறுத்தெடுத்தோம். ஒரு இட்லி போதும் என்பாய், ரவிக்கையை மட்டும் இரண்டு தரம் பிரித்துத் தைத்தாய். ஒளித்து வைத்துத் தின்றால்தானே அப்படி ஆகும்? உன் தம்பி ரங்கசாமி போன் பண்ணினான், நீ எடுத்தாய். அப்புறம் என்னிடம், "இன்னா மாமா, வூட்ல யாரோ ஆம்பள எடுத்துப் பேசறாரு" என்றான். குளிக்கிற இடத்து ஓட்டை பூராவும் உன் முடி. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது பதினோரு நாள். எண்ணி வைத்திருக்கிறேன்.

தார் சுற்ற மோட்டார் வாங்கிவிட்டேன். அது தூங்குவதில்லை. வருவதானால் வா. இந்த இடத்தில் நான் சொன்ன ஒரு வார்த்தையை அருணாச்சலம் எழுத மாட்டேன் என்கிறான். நீயே போட்டுக்கொள்.

இப்படிக்கு
ஜெகநாதன் (கைநாட்டு)

*

வெம்பாக்கம்
17-6-2024

திலகவதி அப்பாவுக்கு நமஸ்காரம்.

கடிதம் வந்தது. திலகவதிதான் பிரித்துப் படித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு, "எம்மா, இத அப்படியே டாக்டர் கையில குடுக்கணும், கெளம்பு" என்றாள். இங்கே ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

எப்போதிலிருந்து அசதி, எப்போது குளிர ஆரம்பித்தது, குரல் எப்போது மாறியது என்று டாக்டரம்மா கேட்டுக்கொண்டே போனார். எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. மூன்று வருஷமும் ஒரே மூட்டமாக இருக்கிறது. திலகவதி உங்கள் கடிதத்தை நீட்டினாள். டாக்டரம்மா இரண்டு தரம் படித்தார். பாவின் நிறத்தைச் சொல்லச் சொல்ல எந்த மாதம் என்று நான் எண்ணிச் சொன்னேன். மாம்பழ நிறம் ஓடியது மூன்று வருஷத்துக்கு முந்தைய தை. அவர் வரிசையாகக் குறித்துக்கொண்டார்.

ரத்தம் குறைவா, சர்க்கரையா, தைராய்டா என்று மூன்றும் பார்க்க வேண்டுமாம். ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

மோட்டார் வாங்கியது நல்லது.

அபிதகுசாம்பாள்

*

ஆரணி
24-6-2024

அபிதகுசாம்பாளுக்கு,

என் கடிதத்தை ஊரார் வீட்டுப் பெண்பிள்ளை கையில் கொடுத்தாயா? மெட்டி, ரவிக்கை என்று புருஷன் பெண்டாட்டிக்குள் எழுதியதை ஒரு டாக்டர் உட்கார்ந்து இரண்டு தரம் படித்தாளா? எனக்கு வெட்கம் வர வேண்டும் என்றாயே, வந்துவிட்டது. போதுமா?

தைராய்டு என்றால் கழுத்து வீங்க வேண்டும். நெசவுக்காரத் தெரு முனியம்மாவுக்கு எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது. உன் கழுத்தில் என்ன இருக்கிறது? வயது அறுபத்திரண்டு ஆனால் எல்லோருக்கும்தான் அசதி. எழுபது வயதில் நான் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்காரவில்லையா? எனக்கு யார் ரத்தம் எடுத்தார்கள்?

ஆவணி முகூர்த்தத்துக்கு நெய்கிற சேலை பாதியில் நிற்கிறது. மோட்டார் சனியன் பட்டு நூலை இழுத்து அறுக்கிறது, வியாழக்கிழமை மட்டும் ஆறு தரம். பேஜாராக இருக்கிறது. வந்து சேர்.

ஜெகநாதன் (கைநாட்டு)

*

வெம்பாக்கம்
14-8-2024

திலகவதி அப்பாவுக்கு,

ஏழு வாரமாகப் பதில் போடவில்லை. நடுவில் வந்த இரண்டு கடிதத்தையும் பிரிக்கவில்லை. கோபத்தால் இல்லை, கோபப்படவும் தெம்பு இல்லை. இப்போது இருக்கிறது.

தைராய்டு சுரப்பது குறைந்துபோயிருக்கிறது. கழுத்து வீங்காமலும் வருமாம். அசதி, குளிர், உடம்பு ஊதுவது, குரல் கரகரப்பது, முடி கொட்டுவது, மறதி எல்லாம் அதனால்தான். ஒளித்து வைத்து நான் எதையும் தின்னவில்லை. காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை, அரை மணி கழித்துத்தான் காபி. தினமும் விடாமல் போட வேண்டும்.

போன வாரம் ஒரு நாள் விடியற்காலையில் யாரும் எழுப்பாமல் கண் விழித்தது. எழுந்து முகம் கழுவிவிட்டு நின்றேன், மறுபடி படுக்கத் தோன்றவில்லை. இப்படி இருப்பதே மறந்துபோயிருந்தது. அப்போதுதான் கோபம் வந்தது.

"இவ்ளோ கவனமா பார்க்கற வூட்டுக்காரர் யாருக்கும்மா கெடைப்பாங்க?" என்றார் டாக்டரம்மா. அதற்குப் பதிலை உங்களிடம் சொல்கிறேன். அருணாச்சலம் அண்ணா, இதைச் சத்தமாகப் படியுங்கள்.

மெட்டி இறுகியதைப் பார்த்தீர்கள். முடியைப் பார்த்தீர்கள். பால் பொங்கியதை எண்ணினீர்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து அத்தனையும் பார்த்தீர்கள். இந்த மூன்று வருஷத்தில் "உனக்கு இன்னா பண்ணுது" என்று ஒரு தரம் கேட்டது உண்டா? எந்தப் பாவு ஓடும்போது? எழுதுங்கள்.

அபிதகுசாம்பாள்

*

ஆரணி
20-8-2024

அபிதகுசாம்பாளுக்கு,

இரண்டு நாளாகத் தேடினேன். கேட்டிருப்பேன் என்று அருணாச்சலத்தோடு சண்டைக்குப் போனேன். "எப்ப கேட்டன்னு சொல்லுப்பா, எழுதிடறேன்" என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாவி, எழுந்துகூடப் போகவில்லை.

கேட்கவில்லை. ஒரு தரமும் இல்லை.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அந்த டாக்டர் மேல் வருகிறது, திலகவதி மேல் வருகிறது. உன் மேலும்தான். நீயாவது வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று எழுதச் சொன்னேன். அவன் எழுதுவதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. சொன்னாய். கிளிப்பச்சைப் பாவு முடிகிற அன்று, ராட்டையை விட்டு எழுந்திருக்க முடியாமல், "எனக்கு உடம்பு முடியலீங்க" என்றாய். "எனக்கு மட்டும் முடியுதா?" என்றேன் நான். தறியைக்கூட நிறுத்தவில்லை.

இதையும் எழுது என்று அருணாச்சலத்திடம் சொன்னேன். எழுதியிருக்கிறான்.

அமாவாசை கழிந்ததும் உன்னை அழைத்துப்போக வருகிறேன்.

ஜெகநாதன் (கைநாட்டு)

*

வெம்பாக்கம்
27-8-2024

திலகவதி அப்பாவுக்கு,

அழைத்துப்போக வர வேண்டாம். நான் கிளம்புவதாக இல்லை. கிளம்புவேனா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

செப்டம்பர் இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை, மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குக் காலை பத்து மணிக்கு நேராக டாக்டர் வீட்டுக்கு வாருங்கள். மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டில் நிற்பார்.

உள்ளே போனதும் டாக்டரம்மா என்னைக் கேள்வி கேட்பார். உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், சொல்ல வாய் துடிக்கும். ஒன்றுக்கும் நீங்கள் பதில் சொல்லக் கூடாது. மெதுவாக ஆனாலும் நானே சொல்வேன்.

நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

அபிதகுசாம்பாள்