கேட் முன்னால் இரண்டு மணி நேரம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

கடவுள் கிருபையில் இங்கே இருவரும் நலம். உங்கள் நலமறிய ஆவல். நீங்கள் ஊரை விட்டுப் போன இந்த இருபத்திரண்டு வருஷத்தில் இது நான் போடும் பதினேழாவது கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை. ரோஷமில்லாதவள் என்று நினைத்தாலும் பரவாயில்லை, எழுதுகிறேன்.

தங்கச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஷிப்ட் சங்கு ஊதுவதில்லை. சங்கை நம்பியே உலை வைத்துப் பழகிய எனக்கு இப்போது தினமும் சோறு குழைகிறது. "பல்லு போனவனுக்குத் தோதாத்தான் சமைக்கிறே" என்கிறார் என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி. நம் வரிசை வீடுகளை அடுத்த மாதம் இடிக்கிறார்களாம். நடுச்சுவரில் கரண்டியால் தட்டி, "ஏய் தூங்குமூஞ்சி, குழாயில தண்ணி வந்தாச்சு!" என்று எழுப்புவீர்களே, அது இன்னும் காதில் இருக்கிறது. தங்கம் எடுக்கிற ஊரில் நம் இருவர் காதிலும் பித்தளைத் தோடு என்று எத்தனை நாள் சிரித்திருப்போம்!

சுவர் போகும் முன் கேட்டுவிடுகிறேன். சுரங்கத்தில் இறங்கும்போது, ஆளுக்கொன்றாகப் பலகையில் மாட்டியிருக்கும் நம்பர் வில்லைகளில் ஒருவருடையதை இன்னொருவர் எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்காரர்கள் விளையாடுவார்கள். பாறை சரிந்த அன்றும் அப்படித்தான். இறந்த ஆளை மேலே கொண்டுவரும் முன்பே, சட்டைப்பையில் கிடைத்த வில்லையைப் பார்த்து, சுரங்க கேட் முன்னால் காத்திருந்த நம்மிடம் என் வீட்டு நம்பரைக் கூப்பிட்டார்கள். மண்ணில் விழுந்த என்னை நீங்கள்தான் மடியில் தாங்கினீர்கள். இரண்டு மணி நேரம் கழித்து இவர் முழுசாக நடந்து வந்தார். நான் கடவுளைக் கும்பிட்டபடி இவரை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டேன். அப்படியானால் உள்ளே கிடப்பது யார் என்று யோசிக்கவே இல்லை. உங்களை அந்தக் கேட்டில் தனியாக விட்டுவிட்டேன்.

அந்தக் கோபம்தானே அக்கா? திட்டியாவது நாலு வரி எழுதுங்கள்.

உங்கள் அடுத்த வீட்டுத் தங்கை


மார்ச் 15

அடி தங்கச்சி,

கடிதம் கிடைத்தது. யாரும் சொல்லித்தராமல் நீயாக எழுதப் படித்தவள். முன்பெல்லாம் கோழி கிளறின மாதிரி இருக்கும். இப்போது என்னைவிட நன்றாக எழுதுகிறாய்.

நீ ஓடவில்லை. நான்தான், "நிக்காதேடி, முதல்ல அவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினேன். அவர் கையில் இருந்த வில்லையில் எங்கள் நம்பரைப் பார்த்துவிட்டேன். நீ பார்ப்பதற்குள் உன்னை அனுப்பிவிட வேண்டும் என்று இருந்தது. உனக்கு அதெல்லாம் நினைவிருக்காது.

உன்மேல் எனக்கு ஒருநாளும் கோபமில்லை. எழுதாததற்குக் காரணம் வேறு.

உன் நம்பரைக் கூப்பிட்டதிலிருந்து அந்த இரண்டு மணி நேரமும் உன் தலையைத் தடவிக்கொண்டே, "அப்பாடா, என் வீடு தப்பிச்சுது" என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கடவுளுக்கு நன்றிகூடச் சொன்னேன். நீ மடியில் கிடந்து கதறும்போது. அதன்பிறகு உனக்கு எந்த முகத்தோடு எழுதுவது?

இதைப் படித்த பிறகும் என்னைப் பார்க்கத் தோன்றினால் எழுது. தோன்றாவிட்டால் குறை சொல்ல மாட்டேன்.

அக்கா


மார்ச் 22

அக்கா,

"என்னவாம், அக்கா என்ன எழுதியிருக்காங்க?" என்று இவர் கேட்டார். கடிதத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டு, "கிளம்பி வர்றாங்களாம்" என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதை நீங்கள்தான் மெய்யாக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை வண்டிக்கு இருவரும் ஸ்டேஷனில் நிற்போம்.

தங்கை