வெறுங்கை

ஈப்போ,
5 மே 2024

அன்பு மகள் துளசிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் தம்பியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்களா? போன மாதம் உன் கைப்பேசிக்கு அழைத்தேன். எடுத்தாய், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அதன் பிறகு அழைப்பே போகவில்லை. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். கோபமில்லை அம்மா.

பிப்ரவரியில் விடுதலையானேன். சிறை வாசலுக்கு ஜைனுலாப்தீன் பாய் வந்திருந்தார். முன்பு நம் தோட்டத்துக்கு வேனில் துணி கொண்டுவந்து விற்பாரே, அவர்தான். இப்போது ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருக்கிறார். விடிந்ததும் ரொட்டிக்கு மாவு பிசைகிறேன். வெங்காயம் உரிக்கிறேன். சம்சு சாராய வாசனைப் பக்கமே போவதில்லை.

உன் அம்மா புனிதா போய்ச் சேர்ந்த செய்தியை உள்ளே ஓர் அதிகாரி வந்து சொன்னார். அவளை எடுக்கும்போது தோள் கொடுக்கக்கூட நான் இல்லை. இனியும் தள்ளி இருக்க மாட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு மறு ஞாயிறு சுங்காய்க்கு வருகிறேன். நீ கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நின்றுவிட்டுத் திரும்புவேன். அடுத்த வாரமும் வருவேன்.

நான் சிறைக்குப் போகும்போது தம்பி பவித்ரனுக்கு ஐந்து வயது. இப்போது பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் படிக்கிறானாம், பாய் விசாரித்துச் சொன்னார். என் முகம் அவனுக்கு நினைவிருக்குமா?

உன் அப்பா,
சதாசிவம்


சுங்காய்,
14 மே 2024

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வந்தால் வீட்டைப் பூட்டிவிட்டுத் தம்பியோடு வெளியே போய்விடுவேன்.

நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். நான் பீடோரில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். பவித்ரன் பள்ளிக் குழுவில் பந்து விளையாடுகிறான். அம்மா படுக்கையில் கிடந்த நாளெல்லாம் எங்களுக்குச் சோறு போட்டது யார் தெரியுமா? நல்லம்மா அத்தை. உங்கள் கையால் செத்துப்போன தேவன் மாமாவின் மனைவி. இன்றைக்கும் எதிர் வரிசை லயத்து வீட்டில்தான் இருக்கிறார். நான் வேலைக்குப் போகவும் வரவும் அவர் வாசலைத்தான் தாண்டுகிறேன்.

தேவன் மாமாதான் முதலில் கத்தியை எடுத்தார், நீங்கள் உயிருக்குப் பயந்து அடித்தீர்கள் என்று அம்மா சாகும்வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் கோர்ட்டில் அப்படித்தான் சொன்னீர்கள். பவித்ரனும் அதைத்தான் நம்புகிறான். அதற்காகப் பள்ளிக்கூடத்தில் பையன்களோடு சண்டை போட்டிருக்கிறான். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அத்தை மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. எழுந்து உள்ளே போய்விடுவார். அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

சிறையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதங்களை எல்லாம் படித்தேன். ஒன்றில்கூட அத்தையின் பெயர் இல்லை.

எது உண்மை என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அத்தையிடம் போய்ச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நம் வீட்டு வாசலைப் பற்றிப் பேசலாம்.

துளசி


ஈப்போ,
10 ஜூன் 2024

அன்பு மகள் துளசிக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு வேலை ஓடவில்லை. நல்லம்மாள் உங்களுக்குச் சோறு போட்டார் என்பதை உன் அம்மா எனக்கு எழுதியதே இல்லை. அதை எனக்கு எழுத அவளுக்கு மனம் வரவில்லையோ என்னவோ.

போன மாதக் கடைசியில் ஒரு நாள் தோட்டத்துக்கு வந்தேன். நீ வேலைக்குப் போயிருப்பாய். பெரிய சாலையில் வரத் துணிவில்லை. செம்பனைக் காட்டுக்குள் புகுந்து லயத்தின் பின்பக்கமாக வந்தேன். நல்லம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஈரத் துணியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். வந்த வழியே திரும்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது உறைத்தது. இந்தக் காரியத்துக்கும் திருடனைப் போலத்தானே போயிருக்கிறேன்.

நேற்று மறுபடியும் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம். கோயில் பக்கத்துச் சாலை வழியாக நடந்தேன். பழைய ஆட்கள் சிலர் அடையாளம் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நம் வீடு பூட்டியிருந்தது. நல்லம்மாள் கதவு திறந்திருந்தது. வாசலுக்கு வெளியே நின்று சொன்னேன்.

“தேவன் கையில கத்தி இல்ல. ஒண்ணுமே இல்ல. வெறுங்கை. நான்தான் பொய் சொன்னேன்.”

நல்லம்மாள் எழுந்து வாசற்படிக்கு வந்தார். பிறகு, “சத்தமா சொல்லுங்க. லயத்துக்கே கேக்கணும்” என்றார்.

சொன்னேன் துளசி. சாலைப் பக்கம் திரும்பி நின்று, என்னால் முடிந்த அளவு உரக்கச் சொன்னேன். நானும் தேவனும் ஒரே லோரியில் செம்பனைக் குலை ஏற்றியவர்கள், சம்சு குடித்துவிட்டு ஒன்றுமில்லாத பேச்சுக்குச் சண்டை போட்டோம், அவன் போதும் என்று திரும்பி நடந்தான், நான் குலை குத்தும் கம்பியை எடுத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். எதிர் வீட்டு ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நல்லம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார். “இதுதான் எனக்கு வேணும். போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இந்த முறை கதவைச் சாத்தவில்லை.

நீ கேட்டதைச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

உன் அப்பா,
சதாசிவம்


சுங்காய்,
24 ஜூன் 2024

அப்பாவுக்கு,

அன்று நானும் தம்பியும் காம்பாருக்குப் போயிருந்தோம். திரும்பி வருவதற்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் பவித்ரனிடம் யாரோ சொல்லிவிட்டார்கள்.

அவன் வீட்டுக்குள் வரவில்லை. நேராக அத்தை வீட்டுக்குப் போனான். நான் பயந்துபோய்ப் பின்னாலேயே ஓடினேன். அவன் வாசற்படியில் உட்கார்ந்து குனிந்த தலை நிமிராமல் அழுதான். அத்தை தட்டில் சோறு போட்டுப் பக்கத்தில் வைத்தார். அவன் சாப்பிடவில்லை, எழுந்தும் போகவில்லை.

எனக்கும் வலித்தது அப்பா. அந்தக் கத்திக் கதையைப் பாதி நம்பாமலும் பாதி பிடித்துக்கொண்டும் வளர்ந்தவள் நான். இப்போது பிடித்துக்கொள்ள அதுவும் இல்லை. ஆனால் இரண்டு வாரமாக அத்தை வாசலைத் தாண்டும்போது என் கண் தரையைப் பார்ப்பதில்லை.

பவித்ரன் வருகிற சனிக்கிழமை ஈப்போவுக்கு வருகிறான். நான் அனுப்பவில்லை, அவனாகத்தான் வருகிறான். கடை முகவரியை மட்டும் கேட்டான். அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டாம். அழ வேண்டாம். அவன் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். எதையும் குறைக்க வேண்டாம், அழகுபடுத்தவும் வேண்டாம்.

துளசி


ஈப்போ,
30 ஜூன் 2024

அன்பு மகள் துளசிக்கு,

தம்பி நேற்று வந்தான். பத்திரமாக வீடு வந்து சேர்ந்திருப்பான். அவன் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான் என்று தோன்றுவதால் நான் எழுதுகிறேன்.

என்னைவிட உயரமாகிவிட்டான். கடை வாசலில் நின்று, “சதாசிவம் யாரு?” என்று பாயிடம் கேட்டான். நான் மாவுக் கையோடு அவனுக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தேன். பாய் எங்களை மூலை மேசையில் உட்கார வைத்துவிட்டு, அந்தப் பக்கம் யாரும் வராமல் பார்த்துக்கொண்டார். பசியாறினாயா என்று கேட்டேன். கிளாஸில் சூடாகத் தே கொண்டுவந்து வைத்தார்கள்; அவன் தொடவில்லை.

“ஏன் பொய் சொன்னீங்க?”

“பயம்பா.”

“எங்களுக்காகவா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வார்த்தை நாக்கு வரை வந்துவிட்டது. “இல்ல. எனக்காக” என்றேன்.

அவன் முகம் சிவந்துவிட்டது. “நான் ஒருத்தன அடிச்சு பல்ல ஒடச்சிருக்கேன், தெரியுமா? உங்க பொய்க்காக லா” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

நான் பஸ் நிலையம் வரை பின்னாலேயே நடந்தேன். வராதீங்க என்று ஒருமுறை திரும்பிச் சொன்னான். நின்றேன். அவன் நடந்ததும் நானும் நடந்தேன். பஸ்ஸில் காலை வைத்த பிறகு இறங்கி வந்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அடுத்த சனிக்கிழமை ஸ்கூல்ல மேட்ச். நல்லம்மா அத்தை எப்பவும் வருவாங்க. நீங்க வரதுனா அவங்க நிக்கிற எடத்துக்கு வந்து நிக்கணும். தூரமா நிக்கிறதா இருந்தா வராதீங்க.”

பாயிடம் விடுப்புக் கேட்டுவிட்டேன். நல்லம்மாளிடம் நீ எனக்காகப் பேச வேண்டாம். நானே போய் நிற்கிறேன். தள்ளிப் போ என்று அவர் சொன்னால், அதையும் எல்லோர் முன்னிலையிலும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் வருவேன்.

உன் அப்பா,
சதாசிவம்


சுங்காய்,
3 ஜூலை 2024

அப்பாவுக்கு,

நான் பேசவில்லை. பவித்ரனே அத்தையிடம் சொல்லிவிட்டான். அத்தை கொஞ்ச நேரம் அரிசி களைந்துகொண்டிருந்தார். பிறகு, “ஆட்டம் நாலு மணிக்குத்தானே, மூணரைக்குக் கெளம்பிடணும்” என்றார்.

பள்ளித் திடலில் நிழல் கிடையாது. தொப்பி போட்டுக்கொண்டு வாருங்கள். நான் கிளினிக்கில் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டேன்.

துளசி